விளையாட்டுலகில் இயற்கைப் போலி

முன்னுரை

கணினித் திரையில் ஓர் உலகத்தை அமைத்து, ஆடுவோரை அதனுள் விருப்பம்போல் உலவவிடும் விளையாட்டுகளைத் ‘திறந்த உலக விளையாட்டுகள்’ என்று இன்று வழங்குகின்றனர். மலையும் ஆறும் காடும் ஊரும் அவற்றில் உள. மழை பெய்கிறது; தீப் பரவுகிறது; எறிந்த கல் வளைந்து சென்று வீழ்கிறது. ஆடுவோன் எத்திசையிற் செல்வான், எதனை எடுப்பான், எதனை எறிவான் என்பது அவ்வுலகை ஆக்கியோர்க்கு முன்னரே தெரிய வழியில்லை. எனினும், அவன் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஏற்ற விளைவை அவ்வுலகம் அக்கணமே காட்டுதல் வேண்டும். அவ்விளைவைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருளே ‘இயற்பியல் பொறி’ எனப்படுவது.

இப்பொறி யாது, அஃது எவ்வாறு இயங்குகிறது, அதனால் ஆக்கப்படும் உலகத்தை ஆய்வாளர் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்னும் மூன்றனையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய விளையாட்டுகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் கதையையும் கதைமாந்தரையும் உரையாடலையுமே எடுத்துக்கொள்கின்றனர். இலக்கியம் பயின்றோர்க்கு அஃது இயல்பே. ஆயினும், திறந்த உலகத்திற் பொருள் பிறக்கும் இடம் கதை மட்டுமன்று, விதியும் ஆகும். அவ்விதிகள் இயற்கையின் விதிகள் அல்ல. அவற்றினின்று சிலவற்றைக் கொண்டு பலவற்றை விலக்கி அமைத்த சுருக்கமே என்பதும், கொண்டவற்றினும் விலக்கியவையே அவ்வுலகின் தன்மையை மிகுதியும் உறுதி செய்கின்றன என்பதும் யாம் இங்கு நிறுவ விரும்புவன.

போலி என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘சிமுலேஷன்’ எனப்படுவதைத் தமிழிற் பாவனை என்றும், ஒப்புருவாக்கம் என்றும், போலச்செய்தல் என்றும் பலவாறு எழுதி வருகின்றனர். இவற்றுள் எதனையும் குறை கூறுதல் எம் கருத்தன்று. ஆயினும், நம் இலக்கணத்தில் நெடுங்காலமாக நின்றுவரும் ‘போலி’ என்னும் சொல் இப்பொருளை மிகத் தெளிவாக விளக்கவல்லது என்பதைச் சுட்டுதல் தகும்.

உலக வழக்கில் போலி என்றால் பொய் என்றே கொள்வர். போலி மருந்து, போலி நாணயம் என்பன போன்ற தொடர்களில் அச்சொல் வஞ்சனையைக் குறிக்கிறது. இலக்கணத்திலோ அதற்கு இழிபொருள் இல்லை. ஓர் எழுத்து நின்ற இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் பொருள் வேறுபடாதாயின் அது போலி. நிலம் என்பது நிலன் என நின்றாலும், முகம் என்பது முகன் என நின்றாலும் பொருள் ஒன்றே. ஆனால், இம்மாற்றம் எல்லாவிடத்தும் செல்லாது. நீலம் என்பதை நீலன் என்றால் நிறத்தின் பெயர் ஆளின் பெயராகிவிடும். ஆகவே, போலி என்பதற்கு இரண்டு இலக்கணம் உள: ஒன்று, வேறொன்று வந்து நிற்றல், மற்றொன்று, அவ்விடத்துப் பொருள் மாறாமை. இரண்டாவது தவறும் இடத்திற் போலி என்பது போலியாகாமற் பிழையாகின்றது.

விளையாட்டுலகின் இயற்பியலும் இத்தகையதே. இயற்கை நின்ற இடத்தில் எண்கள் வந்து நிற்கின்றன. ஆடுதல் என்னும் பயனைப் பொறுத்தவரை பொருள் வேறுபடுவதில்லை. அவ்வெல்லையைத் தாண்டி அதே போலியை வேறு பயனுக்குக் கொண்டுசெல்லும்போது, நீலம் நீலனான நிலை நேர்கிறது. இதனை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

நிகழ்ச்சியினின்று விதிக்கு

தொடக்கக் காலத்திலேயே இச்சுருக்கம் தோன்றிவிட்டது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பி.டி.பி.-1 என்னும் கணினியில், ஸ்டீவ் ரசலும் அவர்தம் தோழர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை அமைத்தனர். இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுப் போரிடும். நடுவில் ஒரு விண்மீன் நின்று கலங்களைத் தன்பால் ஈர்க்கும். பின்னணியில் தோன்றும் மீன்கள் உண்மையான வானத்தின் படத்தைப் பார்த்து இடப்பட்டவை. ஆனால், கலங்கள் எய்யும் குண்டுகளை மட்டும் அவ்விண்மீன் ஈர்ப்பதில்லை. அவை நேர்கோட்டிலேயே செல்லும். ஒவ்வொரு குண்டுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட அக்காலக் கணினிக்கு ஆற்றல் போதவில்லை. அவை ஒளியாலான குண்டுகள் என்று கூறி அக்குறையை மறைத்துக்கொண்டனர்.

இச்சிறு செய்தியில் இத்துறையின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். வானத்தின் தோற்றம் மெய். கலத்தின் வீழ்ச்சி மெய்க்கு அணித்து. குண்டின் செலவு புனைவு. மூன்றும் ஒரே திரையில் ஒன்றாய் நின்றன. ஆடுவோர் அதனை ஓர் உலகமாகவே கொண்டனர்.

1984-இல் இங்கிலாந்தில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் ‘எலீட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதில் எட்டு விண்மண்டலங்கள். மண்டலம் ஒன்றற்கு 256 விண்மீன் தொகுதிகள். இவற்றை ஒவ்வொன்றாக எழுதிவைக்க 32 கிலோபைட்டு நினைவகமுடைய கணினியில் இடம் ஏது? ஆகவே, சில எண்களை வித்தாக வைத்து, ஒரு விதியால் அத்தனையையும் வேண்டும்பொழுது பிறப்பிக்குமாறு செய்தனர். உலகத்தைப் பட்டியலாக வையாது விதியாக வைத்தல் என்னும் முறை இதனாற் புகழ்பெற்றது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உருவாகி 2001-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ ஒரு நகரத்தையும், ஸ்வீடன் நாட்டவராகிய மார்க்கஸ் பெர்சன் தொடங்கி 2009-இல் முதன்முதல் வெளிவந்து 2011-இல் முழுமை பெற்ற ‘மைன்கிராஃப்ட்’ தோண்டவும் கட்டவும் தக்க ஒரு நிலப்பரப்பையும் ஆடுவோர் கையில் ஒப்படைத்தன. உலகம் விரிய விரிய, ஆக்கியோர் எல்லா நிகழ்ச்சிகளையும் முன்னரே எழுதிவைத்தல் இயலாதாயிற்று. நிகழ்ச்சியை எழுதுவோர் விதியை எழுதுவோராக மாறினர். அவ்விதிகளை ஓயாது கணக்கிடும் பொறியின் தேவை அங்குத் தோன்றுகிறது.

பொறியின் செயல்முறை

இயற்கையிற் காலம் இடையறாது ஓடுகிறது. கணினியிலோ அது துளி துளியாக நகர்கிறது. பெரும்பாலான விளையாட்டுகள் ஒரு நொடியை 30 அல்லது 60 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் உலகத்தை ஒருமுறை புதிதாகக் கணக்கிடுகின்றன. 60 கூறாயின், ஒரு கூறு ஏறத்தாழ 17 மில்லி நொடி. அதற்குள் மூன்று வினைகள் முடிதல் வேண்டும்.

முதலாவது, இயக்கம். பொருளின்மேல் உள்ள விசையைக் கண்டு அதன் வேகத்தைத் திருத்துவது ஒரு படி. அவ்வேகத்தால் அதன் இடத்தைத் திருத்துவது மறுபடி. இம்முறை ஆய்லர் என்னும் கணித அறிஞர் 1768-இல் வெளியிட்ட நூலில் உள்ளது. இதனுள் ஒரு நுட்பம் உண்டு. பழைய வேகத்தைக்கொண்டு இடத்தைத் திருத்தினால், சுருள்வில்லிற் கட்டிய குண்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் இல்லாத ஆற்றலைப் பெற்று, மேன்மேலும் விரிந்தாடி, முடிவிற் காணாமற்போகும். முதலில் வேகத்தைத் திருத்தி, அப்புது வேகத்தால் இடத்தைத் திருத்தினால், காலக்கூறு போதிய அளவு சிறிதாயிருக்கும்வரை ஆட்டம் வரம்பிற்குள் நிற்கும். இரண்டு வரிகளின் முறைவைப்பே ஓர் உலகம் நிலைப்பதையும் சிதறுவதையும் வேறுபடுத்துகிறது.

பிறிதொரு முறைக்கும் சுவையான வரலாறு உண்டு. பிரெஞ்சு இயற்பியலறிஞர் லூப் வெர்லே, 864 துகள்களாலான ஆர்கான் நீர்மத்தின் இயல்பைக் கணினியில் ஆராய்ந்து 1967-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேகத்தைத் தனியே வைத்துக்கொள்ளாமல், பொருளின் இப்போதைய இடத்தையும் முந்திய இடத்தையும் கொண்டே அடுத்த இடத்தை அறியும் முறை அதனாற் பரவியது. 2000-இல் டென்மார்க்கில் ஆக்கப்பட்ட ‘ஹிட்மேன்’ என்னும் விளையாட்டில், தாமஸ் யாக்கப்சன் அம்முறையையே இறந்த உடல் தளர்ந்து வீழ்வதைக் காட்டப் பயன்படுத்தினார். நீர்மத்தின் துகளுக்கு வகுத்த கணக்கு மனித உடலின் மூட்டுக்குப் பொருந்திற்று.

இரண்டாவது, மோதல் அறிதல். ஓரிடத்தில் 1000 பொருள்கள் இருப்பின், இரண்டிரண்டாக ஒப்புநோக்க வேண்டிய இணைகள் 4,99,500 ஆகும். ஒவ்வொரு கூற்றிலும் இத்தனையையும் நுணுகிப் பார்த்தல் அரிது. ஆகவே, முதலில் ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டியால் மூடியதாகக் கொண்டு, பெட்டிகள் தொடாத இணைகளைக் கழித்துவிடுவர். எஞ்சிய சிலவற்றையே உருவம் நோக்கி ஆராய்வர். மேலும், அசையாது கிடக்கும் பொருளைப் பொறி உறங்கச் செய்துவிடும். மற்றொன்று வந்து முட்டும்வரை அதற்குக் கணக்கு இல்லை. ஆடுவோனுக்குத் தொலைவில் உள்ள தெருவும் வண்டியும் பல விளையாட்டுகளில் இல்லாதனவே. அவன் நெருங்கும்போது உண்டாகி, விலகும்போது மறைகின்றன.

காலம் துளித்துளியாக நகர்வதால் இங்கு ஓர் இடர் நேரும். நொடிக்கு 900 மீட்டர் செல்லும் குண்டு ஒரு கூற்றுக்குள் 15 மீட்டர் தாவும். இடையில் 20 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் நின்றால், ஒரு கணத்தில் குண்டு சுவர்க்கு முன்னும் மறுகணத்திற் பின்னும் இருக்கும். சுவருள் இருந்த கணமே இராது. ஆதலின் சுவர் ஊடுருவப்படும். இதனைத் தவிர்க்கக் குண்டு சென்ற வழி முழுவதையும் ஒரு கோடாக நீட்டி, அக்கோடு எதனையேனும் வெட்டுகிறதா என்று பார்ப்பர்.

மூன்றாவது, மோதியவற்றைப் பிரித்தல். இப்பொறிகள் பொருள்களைப் பெரும்பாலும் நெளியாத திண்பொருள்களாகவே கொள்கின்றன. ஒன்றனுள் ஒன்று புகுந்துவிட்டவற்றை வெளியே தள்ளி, உராய்வையும் எதிர்த்தெறிதலையும் சேர்த்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பத்துப் பெட்டிகளில் ஒன்றைத் திருத்தினால் அடுத்தது பிழைபடும். அதனைத் திருத்தினால் முன்னது பிழைபடும். ஆகவே, சிலமுறை திரும்பத் திரும்பத் திருத்தி, நேரம் முடிந்ததும் அவ்வளவில் நிறுத்திவிடுவர். உயர அடுக்கிய பெட்டிகள் விளையாட்டுகளிற் சிலபோது தாமே நடுங்குவது இதனாலேயே.

எண்ணின் எல்லையும் உண்டு. 32 பிட்டு அளவுள்ள மிதவைப் புள்ளி எண்களால் இடத்தைக் குறித்தால், தொடக்கப் புள்ளியினின்று 16 கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு அடுத்தடுத்த இடங்களுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி விழும். 1,000 கிலோமீட்டரைக் கடந்தபின் அது 12 சென்டிமீட்டருக்கு மேலாகிவிடும். அவ்விடத்தில் ஒரு பொருள் வழுக்கிச் செல்லாது. தாவித் தாவியே செல்லும். இதற்கு மாற்றாக, சில விளையாட்டுகளில் ஆடுவோன் நகர்வதற்குப் பதிலாக உலகமே அவனை நடுவாக வைத்துப் பெயர்க்கப்படுகிறது.

முழுமையும் தேர்வும்

கணினியின் ஆற்றல் மிகுந்தால் போலி தானே மெய்யாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு காட்டவில்லை.

1998-இல் வெளிவந்த ‘டிரெஸ்பாசர்’ என்னும் விளையாட்டு, ‘ஜுராசிக் பார்க்’ கதையைத் தழுவியது. அதில் எல்லாப் பொருள்களையும் இயற்பியலுக்கு உட்படுத்த முயன்றனர். ஆடுவோனின் கைகூட முன்னரே வரைந்த அசைவாக இல்லாமல், உடலினின்று நீளும் ஒரு பொருளாகவே இயங்கிற்று. பழங்கால விலங்குகளின் நடையும் அவ்வாறே கணக்கிடப்பட்டது. விளைவு என்னை? கை முறுக்கிக்கொண்டது, விலங்குகள் கள்ளுண்டார் போலத் தள்ளாடின. அவ்விளையாட்டு விற்பனையில் தோல்வியுற்றது.

அதே 1998-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ‘ஹாவோக்’ என்னும் நிறுவனம் தோன்றிற்று. இயற்பியற் பொறியைத் தனி மென்பொருளாக்கிப் பல விளையாட்டு நிறுவனங்களுக்கும் வழங்குவது அதன் தொழில். 2007-இல் இன்டெல்லும், 2015-இல் மைக்ரோசாஃப்ட்டும் அதனை வாங்கின. ‘வால்வ்’ நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2’ அப்பொறியைத் திருத்தி எடுத்தாண்டது. அது திறந்த உலகம் அன்று. எனினும், பின்வந்த திறந்த உலகங்கள் பயின்ற பாடம் அதில் உள்ளது. பலகையின் ஒரு முனையிற் கற்களை ஏற்றி, மறுமுனை உயர, அதன்மேல் நடந்து ஏறும் இடம் ஒன்று அதில் வரும். எடை என்பது காட்சியாக நில்லாமல் வழியாக மாறிற்று. எல்லாவற்றையும் கணக்கிட முயன்றது டிரெஸ்பாசர். எது ஆட்டத்திற்கு வேண்டுமோ அதனைத் தேர்ந்து கணக்கிட்டது ஹாஃப்-லைஃப்.

மெய்க்கு நெருங்குதலே சிறப்பன்று என்பதற்கு எலீட்டின் வரலாறே மற்றொரு சான்று. 1993-இல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் விண்கலங்கள் நியூட்டனின் விதிப்படியே சென்றன. தடுக்கும் காற்று இல்லாமையால், பெற்ற வேகம் குறையாது நின்றது. பகைக்கலங்கள் ஒன்றையொன்று கடந்து பாய்ந்தோட, போர் செய்தல் பெரும்பாடாயிற்று என்பர் ஆடியோர். 2014-இல் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ மீண்டும் கலங்களின் வேகத்திற்கு ஒரு வரம்பு விதித்தது. வெற்று விண்வெளியில் வேக வரம்பு என்பது இயற்கைக்கு மாறு. ஆட்டத்திற்கோ அதுவே முறை.

பூதங்களும் பொருள்களும்

தேர்ந்து சுருக்கும் கலையின் சிறந்த எடுத்துக்காட்டாக, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ என்னும் விளையாட்டைக் கூறலாம். அதனை ஆக்கிய ஃபுஜிபயாஷி, தோட்டா, தகிசாவா என்னும் மூவர், அவ்வாண்டு அமெரிக்காவில் நடந்த விளையாட்டு ஆக்குநர் மாநாட்டில் தம் முறையை விளக்கினர். இயக்கத்தைக் கணக்கிடும் இயற்பியற் பொறியோடு, பொருள்களின் நிலையைக் கணக்கிடும் ஒன்றையும் அவர்கள் சேர்த்திருந்தனர். அதற்கு ‘வேதியியற் பொறி’ என்று பெயரிட்டனர்.

அதன் விதிகள் மூன்றே. தீ, நீர், பனி, காற்று, மின் முதலியன பூதங்கள்; மரம், இரும்பு, புல், உயிர் முதலியன பொருள்கள். பூதம் பொருளின் நிலையை மாற்றும். பூதம் பூதத்தின் நிலையையும் மாற்றும். பொருள் பொருளின் நிலையை மாற்றாது. இம்மூன்று விதியினின்று எண்ணற்ற விளைவுகள் பிறக்கின்றன. தீயிற் புகுந்து செல்லும் மர அம்பு பற்றிக்கொள்ளும். மழை தீயை அவிக்கும். புல் எரிந்தால் வெங்காற்று மேலெழும். அக்காற்று, விரித்த துணியோடு நிற்பவனை மேலே தூக்கும். இடி முழங்கும்போது இரும்பு வாள் ஏந்தியவன் மின்னலை அழைத்தவனாவான். அவ்வாளையே பகைவன் அருகில் எறிந்துவிட்டு விலகினால் மின்னல் பகைவன்மேல் இறங்கும். இவற்றுள் ஒவ்வொன்றையும் நிகழ்ச்சியாக எழுதிவைக்கவேண்டுவதில்லை. விதிகள் தாமே கூடி நிகழ்ச்சியைத் தருகின்றன.

உண்மை வேதியியலில் பொருள் பொருளை மாற்றும் என்பதை யாவரும் அறிவர். இரும்பு துருவாவதும், பால் தயிராவதும் அவ்வகையின. அவற்றையெல்லாம் விலக்கியமையாலேயே எஞ்சிய மூன்று விதியும் ஆடுவோன் மனத்திற் பதிந்து நிற்கின்றன. அவன் அவற்றை ஆராய்ந்து, புதிய சூழலிலும் விளைவை முன்னறிகிறான். இதனை யாம் ‘முறைமை’ என்போம். மெய்ம்மை என்பது இயற்கையோடு ஒத்தல். முறைமை என்பது தன்னோடு தான் ஒத்தல். விளையாட்டுலகம் வேண்டுவது முறைமையே.

மைன்கிராஃப்டில் அடிமரத்தை வெட்டினால் மேல்மரம் விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. மணல், சரளை முதலிய சில மட்டும் விழுகின்றன. இயற்கைக்கு இதனினும் மாறானது வேறில்லை. எனினும், அது பிழையென்று யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. ஏனெனில் என்றும் எங்கும் அது அவ்வாறே நிகழ்கிறது. ஆடுவோர் அவ்விதியையே துணையாகக்கொண்டு வானத்திற் பாலமும் மாடமும் கட்டுகின்றனர்.

பொருளிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. அகப்பாடலின் உலகம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்று கற்றிருக்கிறோம். ஒரு நிலத்திற்கு ஒரு பொழுதும் ஓர் ஒழுக்கமும் உரிமையாதல் உலகில் உள்ளபடி கூறியதன்று. உலகினின்று தேர்ந்து தொகுத்தது. அத்தொகுப்பை அறிந்தவனுக்கே பாடல் பொருள் தருகிறது. இவ்விரண்டு துறைக்கும் தொடர்பு இருந்ததென்று யாம் கூறவில்லை. தேர்ந்து தொகுத்த உலகத்தை எவ்வாறு படிப்பது என்னும் பயிற்சி நம்மிடம் ஏற்கெனவே உண்டு என்பதே எம் கருத்து.

போலி வழுவும் இடம்

இதுகாறும் கூறியது ஆட்டத்தின் எல்லைக்குட்பட்டது. அவ்வெல்லையைக் கடந்தும் இப்பொறிகள் இன்று செல்கின்றன. அங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மெக்சிக்கோ நகரில் ஆக்கப்பட்டு, 2011-இல் முதற்கண் வெளிவந்து, 2015-இல் நிறைவுற்ற ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விளையாட்டு ஏவூர்தி கட்டி விண்ணிற் செலுத்துவதாகும். வட்டப்பாதையின் இயல்பை அதன் வழியாகக் கற்றோர் பலர். அதில் வரும் கெர்பின் என்னும் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர். நம் புவியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஆயினும் இரண்டன் மேற்பரப்பிலும் ஈர்ப்பு ஒன்றே. அவ்வாறாயின் கெர்பின் புவியினும் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தி உடையதாதல் வேண்டும். அத்தகைய கோள் இயற்கையில் இல்லை. கோளைச் சிறிதாக்கியதனால், தாழ்ந்த வட்டப்பாதையை அடைய நொடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் போதும். புவிக்கு ஏறத்தாழ 7.8 வேண்டும். பயில்வோன் சோர்வடையாதிருக்கச் செய்த நல்ல சுருக்கம் இது.

மற்றொரு சுருக்கமும் அதில் உண்டு. ஒரு கலத்தை எக்கணத்திலும் ஒரே ஒரு கோளே ஈர்க்கும். ஒன்றன் எல்லையைக் கடந்தால் மற்றொன்றன் ஈர்ப்பு தொடங்கும். கணக்கு எளிதாகிறது, பாதையை முன்னரே வரைந்து காட்டவும் முடிகிறது. ஆனால், இரண்டு ஈர்ப்புகள் ஒருங்கே அமைந்து ஒரு கலத்தை நிறுத்தும் இடங்கள் அவ்வுலகில் இருத்தல் இயலாது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2023 செப்டம்பரில் ஏவிய ஆதித்யா-எல்1, ஞாயிறும் புவியும் சேர்ந்து ஈர்க்கும் அத்தகைய புள்ளியைச் சூழ்ந்த பாதையை 2024 சனவரியில் அடைந்தது. புவியினின்று 15 இலட்சம் கிலோமீட்டரில் உள்ள அப்புள்ளிக்குக் கெர்பலின் வானத்தில் இடமே இல்லை. அவ்விளையாட்டை மட்டும் கற்ற மாணவன் ஆதித்யா நிற்கும் இடத்தை நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. இக்குறையை நீக்கப் பிறர் இயற்றிய இணைப்பு மென்பொருள் ஒன்றுண்டு. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலின் பெயரால் ‘பிரின்சிபியா’ என அதற்குப் பெயரிட்டுள்ளனர்.

மாணவனேனும் வேறு நூல்களைப் படித்துத் திருந்துவான். பொறிமனிதன் என்னும் ரோபோவை இத்தகைய உலகங்களிற் பழக்கும்போது நிலை வேறு. அதற்கு அவ்வுலகமே ஒரே ஆசான். 2019-இல் ‘ஓப்பன்ஏஐ’ நிறுவனத்தார், ‘முஜோக்கோ’ என்னும் இயற்பியற் பொறியில் அமைத்த அறைகளில், கணினி ஆட்டக்காரர்களை ஒளிந்து பிடித்து விளையாடச் செய்தனர். யாரும் கற்றுக்கொடாமலே, ஒளிவோர் பெட்டிகளை நகர்த்தி அரண் அமைத்தனர். தேடுவோர் சாய்தளத்தைக் கொணர்ந்து அரண் ஏறினர். பின்னர் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தேடுவோர் பெட்டியின்மேல் ஏறி நின்று, அதனைப் பற்றிக்கொண்டு, படகில் வருவார்போல அப்பெட்டியோடே நகர்ந்து வந்தனர். நிலத்திற் காலூன்றாமலே தம்மைத் தாம் நகர்த்தலாம் என்னும் இடைவெளி அவ்வுலகின் விதியில் இருந்தது. ஆக்கியோர் காணாத அவ்விடைவெளியை அவை கண்டன.

இவ்வாட்டக்காரர் திரையோடு நின்றதால் தீங்கில்லை. இதனையே கையும் காலும் உடைய ஒரு பொறி கற்று, மெய்யுலகில் வந்து செய்ய முயன்றால் என்னாகும்? நிலம் என்பது நிலன் ஆனாற்போன்ற போலி அன்று அது. நீலம் நீலனாகிய பிழை. இதற்கு ஆய்வாளர் கண்ட மாற்றும் கருதத்தக்கது. அதே நிறுவனத்தார் 2019-இல் ரூபிக் கனசதுரத்தை ஒரு பொறிக்கையாற் சுழற்றச் செய்தபோது, ஒரே உலகத்தில் அதனைப் பழக்கவில்லை. உராய்வு, எடை, அளவு முதலியவற்றை மாற்றி மாற்றி எண்ணிறந்த உலகங்களிற் பழக்கினர். எல்லாவற்றிலும் செல்லும் திறமே மெய்யுலகிலும் செல்லும் என்பது அதன் அடிப்படை. ஒரு போலி தனக்குத் தானே சான்றாகாது. பல போலிகளிடையே எது மாறாது நிற்கிறதோ அதனையே நம்புதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகிறது. பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண்போர்க்கு இம்முறை விளங்காததன்று.

ஆய்வாளர் செயற்பாலன

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் ஒரு விளையாட்டுலகத்தை எடுத்துக்கொண்டால், கதைக்கு முன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. அவ்வுலகம் எவற்றைக் கணக்கிடுகிறது? எவற்றைக் கணக்கிடாமல் விட்டது? விட்டதனால் ஆடுவோர்க்கு எச்செயல் எளிதாயிற்று, எச்செயல் இயலாதாயிற்று? மரம் எரியுமாயின், எரிந்த காடு மீண்டும் தழைக்குமா என்று பார்க்கவேண்டும். வண்டி மோதி மனிதன் வீழ்வதை நுணுகிக் கணக்கிடும் நகரம், வீழ்ந்தவனின் வலியைக் கணக்கிடுகிறதா என்று கேட்கவேண்டும். வீழ்ச்சிக்கு விதி எழுதி, வலிக்கு விதி எழுதாமை கணினியின் குறை மட்டும் அன்று; ஆக்கியோரின் தேர்வும் ஆகும். அத்தேர்விலேயே அவ்வுலகின் அறமும் அடங்கியுள்ளது. கதையை மட்டும் நோக்குவார்க்கு இது புலப்படாது.

இவ்வினாக்களுக்கு விடை காணக் கணிதப் புலமை வேண்டுவதில்லை. ஒரே செயலைப் பல சூழல்களிற் செய்து பார்த்து விளைவைக் குறித்தல் போதும். வழக்கிலுள்ள சொற்களைத் தொகுத்து அவற்றின் விதியைக் காணும் இலக்கண ஆசிரியன் செய்வதும் இதுவே. விதியை எழுதியவர் கூறுவதை மட்டும் நம்பாமல், வழக்கை நோக்கி விதியை உய்த்துணரும் இப்பயிற்சி தமிழ் மாணவர்க்கு இயல்பாகவே வாய்த்துள்ளது.

முடிவுரை

திறந்த உலக விளையாட்டின் இயற்பியல், இயற்கையின் படியன்று, அதன் சுருக்கம். சுருங்கியதனாற் குறைபட்டது என்றும் கூறல் பொருந்தாது; பல விடங்களில் சுருங்கியதனாலேயே அது பொருள் தருகிறது. ஆட்டத்தின் எல்லைக்குள் அது நல்ல போலி. கல்வி, பொறிப்பயிற்சி முதலிய பிற பயன்களுக்கு அதனைக் கொண்டுசெல்லும்போது, எவை விடப்பட்டன என்னும் பட்டியலும் உடன் செல்லுதல் வேண்டும். அப்பட்டியலைத் தொகுப்பது பொறியாளரின் கடமை மட்டும் அன்று. ஓர் ஆக்கத்திற் சொல்லப்பட்டதையும் சொல்லாது விடப்பட்டதையும் ஒருங்கே நோக்கிப் பழகிய இலக்கிய ஆய்வாளருக்கும் அப்பணியில் உரிய பங்கு உண்டு.